இணையத்தில் போட்ட டெபாசிட்டுக்கு யார் பொறுப்பு?

ஒரு தொழில்நுட்பக் கம்பெனி விழுந்தால் என்ன ஆகும் என்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை கொடுத்தது. ப்ளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், விடியுமுன்பே ஊர் முனையில் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்து நின்ற காலம் அது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் அந்த வியாபாரத்தில் சேர்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ஆலை நின்றது.

அந்த மூடலுக்கும் ஒரு நடைமுறை இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது, பேச்சுவார்த்தை நடந்தது, விருப்ப ஓய்வுத் தொகை கொடுத்தார்கள். அந்தத் தொகை போதுமா என்பது வேறு வழக்கு. கதவைச் சாத்துகிறவர் உள்ளே இருப்பவர்களுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இணையக் கம்பெனி ஒன்று கதவைச் சாத்தும்போது இப்படி எதுவும் நடப்பதில்லை. அதில் கணக்கு வைத்திருந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அதுவும் அவர் பார்க்கிற முகவரிக்கு வந்தால்தான் உண்டு. முப்பது ஆண்டுகளாக இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பங்குச் சந்தையில் யாருக்கு எவ்வளவு கோடி போயிற்று என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். பயனாளர்களுக்கு என்ன போயிற்று என்று எழுதுகிறவர் குறைவு.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். கொடுத்த அந்த இணைப்பு முதலில் கிடைத்த பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. வி.எஸ்.என்.எல். முகவரி அச்சடித்த விசிட்டிங் கார்டு அன்று ஒரு கௌரவம். 2002-ல் அந்த அரசு நிறுவனம் டாடா கைக்குப் போனது, 2008-ல் பெயரும் மாறியது. விசிட்டிங் கார்டுகளை மறுபடி அச்சடித்தார்கள்.

தனியாருக்குக் கதவு திறந்தது 1998 நவம்பரில். முதலில் உள்ளே நுழைந்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பிற்பாடு சிஃபி என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கம்பெனி. சி.டி.யைப் போட்டு, மோடத்தின் கரகர சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மணிக்கணக்கு வாங்கி இணையத்தில் நுழைந்தவர்களுக்கு 'சத்யம் ஆன்லைன்' ஞாபகம் இருக்கும். 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பிடித்த முதல் இந்திய இணைய நிறுவனமும் இதுதான். அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி என்று செய்தி, கிரிக்கெட், தேடல், சமையலுக்குத் தனித்தனித் தளங்கள். இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஈட்டிய வருமானம் ஓரிரு கோடி ரூபாய்தான். அதற்கு 499 கோடியா என்று அன்று கேட்டவர்களுக்கு, உங்களுக்குப் புதுப் பொருளாதாரம் புரியவில்லை என்று பதில் வந்தது.

2000 மார்ச்சில் நாஸ்டாக் குறியீடு 5,000-ஐத் தாண்டியது. 2002 அக்டோபரில் 1,100 சொச்சத்தில் வந்து நின்றது. அந்த அடியில் உலகெங்கும் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. 2000 ஜூனில் நாஸ்டாக் ஏறிய இன்னொரு இந்திய இணைய நிறுவனமான ரீடிஃப் 2016-ல் அங்கிருந்து இறங்கிவிட்டது.

சிஃபி சாகவில்லை, ஆனால் ஆளே மாறிவிட்டது. வாசல் தளம், டயல்-அப் இணைப்பு, 'ஐ-வே' என்ற பெயரில் ஊர் ஊராக நடந்த பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் பின்னுக்குப் போய், பெரிய நிறுவனங்களுக்கு நெட்வொர்க்கும் டேட்டா சென்டரும் நடத்துகிற கம்பெனியாக இன்று நிற்கிறது. பிழைக்கத் தெரிந்த கம்பெனி என்று முதலீட்டாளர் பாராட்டலாம். பழைய தளத்தில் எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அந்தப் பிழைப்பில் பங்கு கிடையாது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளுக்கு இணையம் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது வீட்டுக்கு வரவில்லை, கடைத்தெருவுக்கு வந்தது. பலகைத் தடுப்பு வைத்த நான்கைந்து கம்ப்யூட்டர், வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் மணிக்கு இவ்வளவு என்று எழுதிய தாள். ப்ளஸ் டூ ரிசல்ட் நாளன்று மட்டும் கடைக்கு வெளியே கூட்டம் நிற்கும். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி என்ற கட்டம் வந்தபோது, அந்த முகவரியை உண்டாக்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் கடைக்காரர்தான். பெயர், பிறந்த வருஷம், பின்னால் யாஹூ. பாஸ்வேர்டை ஹால் டிக்கெட் நகலின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கொடுப்பார். நகல் தொலைந்தால் முகவரியும் தொலைந்தது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னொரு முகவரி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை அள்ளிக் கொடுத்த பிறகு அந்தத் தடுப்புகள் கழற்றப்பட்டன. பிழைத்த கடைகள் ஆன்லைன் விண்ணப்பம், பட்டா நகல், பான் கார்டு, லேமினேஷன் என்று தொழிலை மாற்றிக்கொண்டன.

கடைக்காரர் தட்டிக் கொடுத்த அந்த யாஹூவின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் சந்தை மதிப்பு 10,000 கோடி டாலருக்கும் மேல். 2017-ல் அதன் இணையத் தொழிலை வெரிசான் ஏறத்தாழ 448 கோடி டாலருக்கு வாங்கியது. நடுவில் யாஹூ வாங்கியதும் மூடியதும் ஏராளம். யார் வேண்டுமானாலும் ஓசியில் வலைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற ஜியோசிட்டீஸை 1999-ல் ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்பில் வாங்கி 2009 அக்டோபரில் மூடியது. 2018 ஜூலையில் மெசஞ்சர் போனது. தமிழர்களுக்கு இதையெல்லாம்விட வலித்தது யாஹூ குழுமங்களின் முடிவு. அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் என்று சங்க இலக்கியத்திலிருந்து சமையல் வரை, மலேசியாவிலிருந்து கலிபோர்னியா வரை தமிழர்கள் கூடிப் பேசிய இடம் அது. பல எழுத்தாளர்கள் இணையத்தில் எழுதிப் பழகியது அங்கேதான். பழைய மடல்களை எல்லாம் அழிக்கப் போவதாக 2019 அக்டோபரில் யாஹூ அறிவித்தது. முதலில் கொடுத்த கெடு இரண்டே மாதம். கூச்சல் எழுந்த பிறகு சில வாரங்கள் நீட்டித்தார்கள். யாரோ ஒருவர் பொறுப்பாகச் சேமித்து வைத்தவை மிஞ்சின, மற்றவை போயின.

இதோடு ஒப்பிட்டால் ஆர்குட் மூடிய விதம் எவ்வளவோ தேவலாம். 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கிய அந்தத் தளம் பிரேசிலையும் இந்தியாவையும் பிடித்து ஆட்டியது. கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கிராப் எழுதுவதும், டெஸ்டிமோனியல் கேட்டு நண்பர்களை நச்சரிப்பதுமாக ஒரு தலைமுறையே அதில் கிடந்தது. ஃபேஸ்புக் வந்ததும் கூட்டம் கலைந்தது. 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். ஆனால் படங்களையும் ஸ்கிராப்பையும் இறக்கிக்கொள்ள அதன் பிறகும் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. மைஸ்பேஸ் இன்னொரு கோடி. 2005-ல் 58 கோடி டாலருக்கு விலைபோய் 2011-ல் மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறிய அந்தத் தளம், பயனாளர்கள் பல ஆண்டுகளாக ஏற்றிவைத்த பாடல்கள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டன என்று 2019-ல் சாவகாசமாகச் சொன்னது.

ஆப் யுகத்தில் விழும் விதம் மாறியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களை மத்திய அரசு தடைசெய்தது. டிக்டாக் சந்தையில் தோற்கவில்லை, ஓர் இரவில் அரசாணையால் போனது. தடை சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. நெல் வயல் வரப்பிலும் டிராக்டர் மேலும் நின்று ஆடிப் பாடிப் பல்லாயிரம் பேரைச் சேர்த்துவைத்திருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டத்தைக் கையோடு இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போக வழி இருக்கவில்லை. யூடியூபில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சொந்த நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமையோடு 2020-ல் பெங்களூரில் கிளம்பிய 'கூ' 2024 ஜூலையில் மூடியது. சுதேசியோ விதேசியோ, விழுந்தால் பயனாளருக்குக் கிடைப்பது ஒன்றேதான்.

தமிழ்நாட்டிலேயே விழாமல் நிற்கிற கம்பெனிகளும் உண்டு. முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். அதில் பொங்கல் தேதி, காலண்டர் எல்லாவற்றையும்விட வரன் பகுதிக்குத்தான் ஆள் வந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பாரத் மேட்ரிமோனி, 2017-ல் மேட்ரிமோனி டாட் காம் என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 1996-ல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய ஜோஹோ, 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று: பயன்படுத்துகிறவரிடம் காசு வாங்குகிறார்கள். தரகருக்குக் கொடுத்த காசை வலைத்தளத்துக்குக் கொடுக்க அப்பா அம்மாக்கள் தயங்கவில்லை. கணக்கெழுத மென்பொருள் வேண்டுமென்றால் கடைக்காரரும் மாதா மாதம் கட்டுகிறார். விளம்பரம் வரும், முதலீடு வரும், அதுவரை எல்லாருக்கும் இலவசம் என்று கடை விரித்தவர்களில்தான் அதிகம் பேர் காணாமல் போயிருக்கிறார்கள். இதில் ஜோஹோவின் இலவச மெசேஜிங் ஆப்பான 'அரட்டை' மட்டும் வேறு வகை. 2025 செப்டம்பரில் மூன்றே நாளில் தினசரிப் பதிவு 3,000-லிருந்து 3.5 லட்சமாக ஏறியது என்று ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அப்படி ஒரே வாரத்தில் வந்த கூட்டம் எத்தனை ஆண்டு தங்கும் என்று இப்போதே தீர்ப்பு எழுதுவது அவசரம்.

கம்பெனியே இல்லாமல் நிலைத்தவையும் தமிழிலேயே இருக்கின்றன. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தது. அந்த நாளில் தளத்துக்கு ஒரு எழுத்துரு. ஒரு பத்திரிகையின் எழுத்துருவை இறக்கினால்தான் அதன் பக்கத்தைப் படிக்க முடியும். அந்தத் தளம் படுத்தால் எழுத்துருவும் போகும், சேமித்துவைத்த கட்டுரை கோணல் மாணல் குறிகளாகத் தெரியும். மதுரைத் திட்டத்தார் முதலில் திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் போட்டார்கள், யூனிகோடு வந்ததும் நூல்களை அதற்கு மாற்றினார்கள். யாஹூவை நம்பிய மடல்கள் போன பிறகும் இவை நிற்பதற்குக் காரணம் பணம் அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே விட்டதுதான். ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் தளம் 2005-லிருந்து இயங்குவதும் இதே வழியில்தான்.

ஆகவே கம்பெனிகள் விழுவதைத் தடுக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. விழத்தான் செய்யும். போட்டது திரும்ப வருமா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தொண்ணூறுகளில் அதிக வட்டி ஆசை காட்டி டெபாசிட் வாங்கிய பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தபோது, அதற்கென்றே 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனியின் சொத்தை முடக்கலாம், தனி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தலாம். 2022-ல் வட மாவட்டங்களில் அடுத்தடுத்து நிதி நிறுவனங்கள் மாட்டியபோது, பணம் கட்டியவர்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவில் வரிசையில் நின்றார்கள். முழுப் பணமும் வராது என்று தெரிந்தும் நின்றார்கள். புகார் கொடுக்க ஓர் இடமாவது இருந்தது.

பத்து வருஷத்துப் படங்கள், கடிதங்கள், வாடிக்கையாளர் எண்கள், ஒரு சிறு வியாபாரத்தின் பெயர், இவையும் டெபாசிட்தான். இவற்றுக்கு அப்படியோர் இடம் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. தன்னைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், தனக்குப் பின் யார் பார்ப்பது என்று நியமிக்கலாம். தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை மட்டும் அதில் இல்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் பரிந்துரைத்து, 2019 மசோதாவிலும் இருந்த அந்த உரிமை, இறுதிச் சட்டத்துக்கு வருவதற்குள் கழன்று விழுந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் அது 2018-லிருந்தே நடைமுறையில் உள்ளது. நம் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகள் என்ன சொல்கின்றன? மூன்று ஆண்டுகள் எட்டிப் பார்க்காத பயனாளரின் தரவைப் பெரிய சமூக ஊடக, வணிக, விளையாட்டு நிறுவனங்கள் அழிக்க வேண்டும், அழிப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும். தனியுரிமைக்கு இது நல்லதே. ஆனால் ரேஷன் கடையில்கூட இதைவிட அதிக அவகாசம் தருவார்கள்.

கணக்குக் காட்டாதவரை எப்படி நடத்துவது என்று உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றில் இன்னொரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய குறிப்பிட்ட உறவினர்களும் நிற்க முடியாது. பொ.ஆ. 919-ல் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டில், 921-ல், திருத்தியும் எழுதினார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, அதைப் பொற்காலம் என்று கொண்டாடத் தேவையில்லை. ஆனாலும் இன்றைய நிலையை அந்த விதியோடு வைத்துப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு தளத்தை மூடிப் பயனாளர்களை நட்டாற்றில் விட்டவர், அடுத்த வருஷமே புதுப் பெயரில், புது முதலீட்டில் இன்னொரு ஆப்போடு வந்து நிற்க எந்தத் தடையும் இல்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது இரண்டு. சட்டத்திலிருந்து கழன்றுபோன அந்த உரிமையைத் திரும்பச் சேர்ப்பது ஒன்று. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பயனாளர் உள்ள எந்தச் சேவையும் மூடுவதற்கு முன் குறைந்தது ஓர் ஆண்டு தரவை இறக்கிக்கொள்ள வழிவிட வேண்டும் என்று கட்டாயமாக்குவது இன்னொன்று. ஆர்குட்டுக்கு இரண்டு ஆண்டு முடிந்ததென்றால் மற்றவர்களுக்கு ஓர் ஆண்டு முடியாதா?

மாநில அரசுக்கு அதைவிடச் சுலபமான வேலை இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் 2025-ல் ஜோஹோ நடத்தும் தளத்துக்கு மாறியது. முகவரியின் வால் மட்டும் அரசுடையதாகவே இருக்கிறது. நாளை ஜோஹோ வேண்டாம் என்றால் வேறொருவரிடம் போகலாம், முகவரி மாறாது. இந்த ஏற்பாடு கிராம ஊராட்சி வரை வர வேண்டும். இன்றைக்குப் பல ஊராட்சிகளும் அரசுப் பள்ளிகளும் இலவச மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் குழுவையும் வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன. தலைவர் மாறினால், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால், பாஸ்வேர்டும் கூடவே போகிறது. கம்பெனி விழும்வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை.

வாசகர்கள் சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருக்கிறது. ஓராண்டு திறக்காத யாஹூ அஞ்சல் பெட்டியும் காலியாகிவிடும். பிரவுசிங் சென்டர்காரர் உண்டாக்கிக் கொடுத்த பழைய முகவரி இன்னமும் வேலைவாய்ப்புப் பதிவிலோ, பி.எஃப். கணக்கிலோ, வங்கியிலோ இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள். வேண்டிய படங்களையும் கடிதங்களையும் இறக்கி வீட்டில் ஒரு பென் டிரைவிலாவது வையுங்கள்.